எனக்குக் கிடைத்ததற்கு நீ சொன்ன நன்றி

என் பக்கத்துக் கதிரை மிரியத்துக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கல் வைத்தார்கள். மேலே உங்கள் ஹீப்ரு எழுத்து, கீழே ஆங்கிலம். 'அன்பான மனைவி' என்று போட்டிருக்கிறது. பக்கத்தில் 'வாய்க்காரி' என்றும் ஒரு சொல் சேர்த்திருக்கலாம் என்று ஜோசப்பிடம் சொன்னேன். உன் மனிசன் முதலில் சிரித்தார், பிறகு அழுதார். நானும் அப்படித்தான்.

நீ போய் ஒரு வருஷமாகிறது. கல் வைக்க உங்கள் ஆட்கள் ஒரு வருஷம் காத்திருக்கிறார்கள். ஆளைப் புதைக்க மட்டும் இரண்டு நாள்கூடப் பொறுக்கமாட்டார்கள். இந்த அவசரத்தைப் பற்றி உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

முதலில் சொல்லவேண்டியது இதுதான். நான் இன்னும் நன்றி சொல்லவில்லை, மிரியம். எனக்குச் சிறுநீரகம் கிடைத்தால் பால்குடம் எடுப்பேன் என்று என் மனிசன் மனோர் பார்க் கோயில் முருகனுக்கு நேர்ந்து வைத்தது உனக்குத் தெரியும். சிறுநீரகம் கிடைத்தது. பால்குடம் எடுபடவில்லை. இந்த ஒரு வருஷமும் கும்பிடக் கையெடுத்தால் உன்னுடைய வெறும் கதிரை கண்முன் வந்து நின்றது. நீயும் நானும் ஒரே மாதிரிக் காத்திருந்தோம். உன்னைத் தாண்டி எனக்கு வந்த ஒன்றுக்கு நான் எந்த வாயால் நன்றி சொல்வது?

தமிழில் எழுதுகிறேன், கோபிக்காதே. நீ கிழக்கு லண்டன் ஆங்கிலத்தில் பேசியதெல்லாம் என் மனதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கிடக்கிறது. அங்கே உனக்கு எல்லா மொழியும் விளங்கும் என்று நினைக்கிறேன். இதை எங்கள் பத்திரிகையில் போடக் கொடுக்கப்போகிறேன். எங்களுடைய சனமும் உன்னைப் பற்றி அறியட்டும்.

சனத்துக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கையில் ஒரு பையோடு இந்த ஊருக்கு வந்தவர்களில் நானும் ஒருத்தி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கால் வீங்கியபோது நாள் முழுக்க நின்று வேலை செய்வதால் என்று நினைத்தேன். முகமும் வீங்கியபோதுதான் டொக்டரிடம் போனேன். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி என்று இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். அடுத்த கதிரையில் நீ, ஒரு யூதப் பெண்.

நீ அங்கே எனக்கு முன்பே வந்து சேர்ந்தவள். ஊசி குத்த வசதியாக உன் கையில் நரம்பை இணைத்திருந்த இடத்தை என் காதில் வைத்து, "கேள், உள்ளுக்குத் தேனீ இருக்கு" என்றாய். உண்மையாகவே இரைந்தது. என் கையிலும் அப்படி இரையும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வீட்டுக்குப் போய் என் மனிசனுக்கும் கேட்கக் கொடுத்தேன். அவர் பயந்துபோனார்.

எங்களுடைய பெரிய கஷ்டம் ஊசி இல்லை, தாகம். உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போக வழியில்லாததால் உள்ளே விடுவதற்கும் அளவு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் எங்கள் ஊரில். நாங்கள் வாயிலே போடுவதையும் அளந்து போட்டோம். நேர்ஸ் தரும் ஒரு ஐஸ்கட்டிக்காக இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரிக் காத்திருப்போம். நான் கிடைத்த உடனே வாயில் போடுவேன். நீ அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னவோ முணுமுணுப்பாய். அதற்குள் அது பாதி கரைந்துவிடும்.

"என்ன மந்திரம் சொல்லுறாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மந்திரமில்லை. நன்றி."

"ஒரு ஐஸ்கட்டிக்கோ?"

"மாத்திரை விழுங்கக் குடிக்கிற தண்ணிக்குச் சொல்லத் தேவையில்லை. தாகத்துக்குக் குடிக்கிற தண்ணிக்குத்தான் சொல்லவேணும். உனக்குத் தாகமில்லையோ, பரமேஸ்?"

தாகமில்லையோ! நாக்கு மேல்வாயோடு ஒட்டிக் கிடந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. குடிக்க விடாத கடவுளுக்கு எதற்கு நன்றி என்று கேட்டேன். நீ ஐஸைச் சூப்பிக்கொண்டிருந்தாய்.

அதையாவது பொறுத்தேன். கக்கூசுக்குப் போய்விட்டு வந்து, கையைக் கழுவி, வாசலில் நின்று அதற்கும் ஒரு நன்றி சொன்னாயே, அதைக் கண்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சாமி பெயரைச் சொல்வதற்கு முன் தோய்ந்து முழுகி, துடக்குப் பார்த்து, சுத்தம் பார்த்து வளர்ந்தவள் நான். நீயோ அங்கேயிருந்து நேரே கடவுளிடம் போகிறாய்.

"ஏன், அதைப் படைச்சது வேற ஆளோ?" என்றாய். "உடம்பில எத்தினை ஓட்டை, எத்தினை குழாய். திறக்கவேண்டியது திறந்து, மூடவேண்டியது மூடி இருக்கு. அதுக்குத்தான் நன்றி. இதில ஒன்று அடைபட்டால் மனிசர் உயிரோட நிக்க ஏலாது எண்டு அந்த நன்றியிலேயே வருது."

"உனக்குத்தான் ஒன்று அடைபட்டுப்போச்சே."

"ஓம். மற்றது திறந்துதானே இருக்கு. இரண்டுக்கும் ஒரே நன்றிதான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாய்: "சின்ன வயசில இதை ஓடி ஓடிச் சொல்லுவன், ஒரு சொல்லும் மனசில நிக்காது. இப்ப ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லில நிண்டு கடவுளோட சண்டை பிடிக்கிறன். 'ஏலாது எண்டு சொன்னனீரே, நான் நிக்கிறன், பாரும்' எண்டு."

அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் மெஷின் கத்தத் தொடங்கிவிட்டது. நேர்ஸ் ஓடிவந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஏசினாள்.

வாழைப்பழச் சண்டை ஞாபகம் இருக்கிறதா? நேர்ஸ்மாருடைய மேசையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. எங்களுக்கு அது நஞ்சு. இருதயம் நின்றுவிடும் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நீ தொடங்கினாய். மரத்தில் காய்ப்பதற்கு ஒரு நன்றி, நிலத்தில் விளைவதற்கு வேறொரு நன்றி, வாழைப்பழத்துக்கு நிலத்து நன்றிதான் என்றாய்.

"விசர்க்கதை. வாழைமரம் எண்டுதான் நாங்கள் சொல்லுறது. கலியாண வீட்டு வாசலில கட்டுறது."

"குலை தந்த பிறகு அது நிக்குமோ?"

"நிக்காது. குலையை வெட்டினால் மரத்தையும் வெட்டி விழுத்துவம். அடியில குட்டி வரும்."

"அப்ப அது மரமில்லை. மரமெண்டால் வருஷா வருஷம் அதே கொப்பில காய்க்கவேணும்."

வாழைத்தோட்டத்தைக் கண்ணாலும் காணாதவள், வாழைக்குள் பிறந்து வளர்ந்த எனக்குப் பாடம் எடுத்தாய். இன்னும் கொடுமை, நீ சொன்னது சரி. ஆனாலும் விடாமல் கேட்டேன்: "தின்ன ஏலாத பழத்துக்கு எந்த நன்றி எண்டு தெரிஞ்சு என்ன பிரயோசனம்?"

"தின்ன ஏலாதெண்டால் தெரிஞ்சிருக்கக்கூடாதோ?" என்று நீ கேட்டாய். உன் மார்க்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்படிக் கதிரையில் இருந்து கேட்டவைதான். நீ ஒன்றையும் எனக்குப் படிப்பிக்க வரவில்லை. எனக்கு உன்னோடு வாதாடப் பிடித்திருந்தது, உனக்கும் பிடித்திருந்தது. அந்த நாலு மணித்தியாலத்தை வேறு எப்படித்தான் கழிப்பது?

பிறகு ஒரு வியாழக்கிழமை காலை, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது. பொருத்தமான சிறுநீரகம் ஒன்று வந்திருக்கிறது, உடனே வரவேண்டும், வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்றார்கள். என் மனிசன் பதற்றத்தில் சப்பாத்தை மாறிப் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு வந்த முதல் எண்ணம், மிரியத்துக்கும் அழைப்புப் போயிருக்குமா என்பதுதான். உனக்குப் போகவில்லை. இரத்த வகை, திசு வகை, எல்லாம் பொருந்தவேண்டும் என்றார்கள். அது என்னோடு பொருந்தியது. உன்னோடு பொருந்தவில்லை. அவ்வளவுதான், யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஆளில்லாததும் ஒரு கஷ்டம்தான்.

வெட்டிப் பொருத்தி, சிறுநீருக்கு விட்டிருந்த குழாயை எடுத்த அன்று நீ வார்டுக்கு டெலிபோன் எடுத்தாய். நேர்ஸ் என் காதில் பிடித்தாள்.

"போச்சுதோ?" என்றாய். ஹலோகூட இல்லை.

"போச்சுது."

"எப்பிடி?"

"மாரி மழை மாதிரி."

அந்தப் பக்கத்தில் நீ அழுதாயா சிரித்தாயா என்று எனக்கு இன்னும் தெரியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நன்றி சொன்னியோ?" என்று கேட்டாய். பிறகு சொல்கிறேன் என்றேன். எனக்குச் சிறுநீரகம் தந்த எங்கோ ஒரு வீட்டில் அன்றைக்குச் செத்தவீடு நடந்துகொண்டிருந்தது. யார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. அடுத்த கதிரையில் நீ ஐஸ்கட்டி வைத்துக்கொண்டு இருந்தாய். இரண்டுக்கும் நடுவில் நான் என்ன சொல்வேன்? உன்னுடைய முறை வரட்டும், இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பால்குடம் எடுக்கலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். உன்னை முருகனிடம் கூட்டிப்போவதற்கு உன் சட்டம் இடம் கொடுக்காது என்று தெரியும். வெளியே நிற்கவைத்திருப்பேன்.

உன்னுடைய முறை வரவில்லை. மெஷின் இல்லாத இரண்டு நாள் சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாளில்தான் எங்களில் பல பேர் போகிறார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. திங்கட்கிழமை காலை நேர்ஸ் டெலிபோனில் சொன்னாள். ஞாயிறு பின்னேரம் உன் இருதயம் நின்றுவிட்டது.

இப்போது அந்தச் சண்டைக்கு வருகிறேன். லண்டனில் எங்கள் ஆட்களுக்குச் செத்தவீடு என்றால் ஒரு கிழமை ஆகும். எரிக்க நேரம் கிடைக்கவேண்டும், கனடாவிலிருந்து சொந்தக்காரர் வரவேண்டும். "அவசரமில்லை. வெள்ளி, சனி மட்டிலதான் எடுப்பினம். நீர் முதல்ல உம்மட உடம்பைப் பாரும்" என்றார் என் மனிசன். நானும் அப்படித்தான் நினைத்தேன். கடைசியாக ஒருமுறை உன் முகத்தைப் பார்க்கலாம் என்று புதன்கிழமை ஒரு பூமாலை வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஜோசப் துக்கத்துக்குக் கிழித்த சட்டையோடு உயரம் குறைந்த ஒரு முக்காலியில் இருந்தார். கண்ணாடிகளெல்லாம் துணி போட்டு மூடியிருந்தன. உன்னைக் காணவில்லை. உன்னைச் செவ்வாய்க்கிழமையே மண்ணில் வைத்துவிட்டார்கள்.

எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. எங்கள் செத்தவீட்டில் என்றால் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள், நெஞ்சு கொஞ்சம் இறங்கும். அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. துக்கக்காரர் முதலில் பேசும்வரை வந்தவர்கள் பேசக்கூடாதாம். எனக்கு அது தெரியாது. மாலையைப் பிடித்துக்கொண்டு மாடு மாதிரி நின்றேன். உங்கள் ஆட்கள் பூ வைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியாது. ஜோசப் எழும்பி வந்து, இரண்டு கையாலும் மாலையை வாங்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல் அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு மறுபடியும் இருந்தார். நான் புறப்படும்போதுகூட அது அங்கேதான் இருந்தது. 'போயிட்டு வாறன்' என்று சொல்லவில்லை. செத்தவீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது, எங்களிலும்தான். அந்த ஒன்றை மட்டும் நான் சரியாகச் செய்தேன்.

உன் முகத்தைப் பார்க்க எனக்காக ஒரு நாள் இருந்திருக்கக்கூடாதா, மிரியம்? ஒரே ஒரு நாள்?

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் கோயில் பக்கம் போகவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கடையில் கண்டவர்களெல்லாம் "முருகன் கண் திறந்திட்டார்" என்றார்கள். "மிரியத்துக்கு மூடிட்டாரோ?" என்று ஒருவரிடம் கேட்டுவிட்டேன். யார் மிரியம் என்று அவருக்குத் தெரியாது. பாவம், அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

என் மனிசன் அதட்டாத மனிசர். அவருக்கும் பொறுமை போய்விட்டது. "நேர்ந்தது நான். குறை வந்தால் உமக்கெல்லோ வரும்? எனக்கு நித்திரை இல்லை" என்றார். ஒவ்வொரு முறை இரத்தம் சோதிக்கப் போகும்போதும், என் உடம்பு அந்தச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடுமோ என்று அவருக்குப் பயம். "நன்றியில்லாதவளிட்ட அது தங்காது எண்டு நினைக்கிறீங்களோ?" என்று கேட்டேன். அவர் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் பயத்தில் சொல்வது நன்றியாகுமா?

இப்படியே இருந்தபோதுதான் ஜோசப் கல் வைக்கும் நாளுக்கு அழைத்தார். தன்னுடைய டாக்சியிலேயே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பத்துப் பதினைந்து பேர்தான். கல்லை மூடியிருந்த துணியை எடுத்தார்கள், பிரார்த்தனை சொன்னார்கள். எல்லோரும் போய், வாசலில் கைகழுவும் இடத்துக்கு நடக்கத் தொடங்கிய பிறகு, ஜோசப்பும் நானும் மட்டும் நின்றோம்.

"உங்களிட்ட ஒன்று சொல்லவேணும், பரமேஸ்," என்றார். "உங்களுக்குக் கிட்னி கிடைச்ச செய்தி வந்த அன்றைக்கு, மிரியம் டெலிபோனை வைச்சிட்டு ஒரு நன்றி சொன்னவள்."

அவள்தான் எல்லாவற்றுக்கும் சொல்வாளே என்றேன்.

"இல்லை, கேளுங்கோ. நல்ல செய்திக்கு எங்களிட்ட இரண்டு இருக்கு. தனக்கு மட்டும் ஒரு நல்லது நடந்தால் ஒன்று. சினேகிதிக்கு நடந்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாலும் அதேதான். தனக்கும் மற்றவைக்கும் சேர்த்து நடந்தால், பங்குள்ள ஆட்கள் சொல்லுறது வேறொன்று. மிரியம் அந்த இரண்டாவதைச் சொன்னவள்."

நான் உன் கல்லைத் திரும்பிப் பார்த்தேன். உனக்கு இதில் பிழை வராது. வாழைப்பழத்துக்கே பிழை விடாதவள் நீ.

"நான் கத்தினன்," என்றார் ஜோசப். "'பிழையான நன்றியைச் சொல்லுறாய். அதில உனக்கென்ன பங்கு? அது உனக்கெல்லோ வந்திருக்கவேணும்' எண்டு கத்தினன். எனக்கு அன்றைக்கு உங்களில கோபம், பரமேஸ். உலகத்தில எல்லாரிலயும் கோபம். அவள் ஆறுதலாச் சொன்னாள்: 'பங்கில்லை எண்டு ஆர் சொன்னது? நாளைக்குப் பரமேஸ் தண்ணி குடிக்கப்போறாள்' எண்டு."

மிரியம், நான் உன் கல்லைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். ஒரு வருஷமாக அடக்கி வைத்த ஒப்பாரியெல்லாம் வந்தது. உங்கள் ஆட்கள் வாசலில் திரும்பி நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

நான் ஓய்ந்த பிறகு ஜோசப் மெல்லச் சொன்னார். ஒருவர் நன்றி சொல்வதைக் கேட்டால், பக்கத்தில் நிற்பவர் 'ஆமென்' என்று சொல்லவேண்டுமாம். அப்போதுதான் அது நிறையும். அன்று வீட்டில் அவர் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் சொல்லவில்லை. டாக்சித் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். "அது அப்பிடியே நிக்குது," என்றார்.

"இப்ப சொல்லுங்கோவன்."

"ஏலாது. உடனே சொல்லவேணும். நேரம் தப்பிச் சொல்லுறதுக்கு அநாதை ஆமென் எண்டு பேர். சொல்லக்கூடாது எண்டுதான் படிச்சனாங்கள்."

"நான் உங்கட சனமில்லைத்தானே. அந்தச் சட்டம் எனக்கு இருக்கோ?"

அவர் யோசித்தார். நீ இருந்திருந்தால் இதற்கு ஒரு மணித்தியாலம் வாதாடியிருப்பாய். "எனக்குத் தெரியாது," என்றார்.

"அப்ப நான் சொல்லுறன்."

சொன்னேன். உன் கல்லில் கை வைத்துக்கொண்டு, சத்தமாகச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து ஜோசப்பும் சொன்னார், சட்டம் தெரிந்த மனிசர்.

எனக்கு வந்தது எனக்கு மட்டும் வந்ததென்று நினைத்துத்தான் வாய் அடைத்துக் கிடந்தேன். நீ முதல் நாளே உன் பங்கை எடுத்துவிட்டாய். என்னிடம் ஒரு சொல் சொல்லாமல், எனக்குப் பாரமாக இருக்குமென்று நினைத்தாயோ என்னவோ. துக்கம் குறையவில்லை, மிரியம். உன்னோடு வாதாட ஆளில்லாமல் என் பகல்கள் நீண்டு கிடக்கின்றன. இனி அதற்கு மருந்தில்லை. ஆனால் கையெடுத்தால் கும்பிட வருகிறது.

வருகிற வெள்ளிக்கிழமை பால்குடம் எடுக்கிறேன். என் மனிசன் மூன்று நாளாக மரக்கறிதான் சாப்பிடுகிறார், முகத்தில் வெளிச்சம். ஜோசப் எங்களை டாக்சியில் கொண்டுபோய் விடுவார், உள்ளே வரமாட்டார், ரோட்டில் நிற்பார். சிறுநீரகம் தந்த பெயர் தெரியாத அந்த வீட்டுக்காரரையும் உன்னையும் நினைத்துக்கொண்டு, நீ சொன்ன அந்த இரண்டாவது நன்றியை நான் தமிழில் சொல்வேன். உனக்கு வாக்குத் தருகிறேன். இருக்கும்வரை இனி எல்லாவற்றுக்கும் அதையே சொல்வேன்.

அப்போது பக்கத்தில் நின்று ஆமென் சொல்லவேண்டியது நீ. இந்த முறையாவது அவசரப்பட்டுப் போய்விடாதே.

உன் கூடப்பிறந்தவள்,
பரமேஸ்